எட்டாம் நாற்காலிக்கு வாடகை கட்டியாகிவிட்டது

1

ஒரு பிணத்தோடு தொடங்க வேண்டிய கதை இது. வாரப் பத்திரிகை ஆசிரியர் கேட்டது அதைத்தான். "சீட்டாட்ட கிளப், ஒரு பிணம், பன்னிரண்டு வாரம்" என்று எழுதியிருந்தார். கலிஃபோர்னியாவின் சீட்டாட்ட ஊரான கார்டினாவில் இத்தனை வருஷமாகக் குடியிருந்துகொண்டு, வருகிற சன்மானத்தில் பாதியைச் சீட்டு மேஜையிலேயே விட்டுவிட்டு வருகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? ஒரே மூச்சில் முதல் வரி வந்து விழுந்தது:

"பெப்பர் ட்ரீ கிளப்பின் எட்டாம் நாற்காலியில் இருந்தவருக்கு உயிர் இல்லை என்பது, அவர் மூன்று ஆட்டம் ஜெயித்த பிறகுதான் தெரிந்தது."

நல்ல வரி. இன்றைக்கும் அதன்மேல் எனக்குப் பெருமை குறையவில்லை. அன்று வியாழக்கிழமை மதியம், கிளப்பின் சாப்பாட்டு அறையில் அந்தத் தாளை வெர்னாவிடம் நீட்டினேன். வெர்னா ஹால்வர்சன் எங்கள் மேஜையில் ஏழாம் நாற்காலிக்காரி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து அன்றுதான் முதல் நாள். இடது கையால் சோறும் முட்டையும் போர்ச்சுகல் சாஸேஜும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

படித்தாள். தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"செத்தவன் வாடகை எப்படிக் கட்டினான்?"

"என்ன?"

"மூணு ஆட்டம்னா பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள வாடகை வாங்க லூப்பே வந்துட்டா? தட்டை நீட்டுவா இல்ல? பொணம் காசு எடுத்து வைக்குமா?"

என் பன்னிரண்டு வாரம் அங்கேயே படுத்துவிட்டது.

2

அவள் சொன்னது சரி. இந்த ஊரில் பிணத்தை மறைக்க முடியாது. காரணம் போலீஸ் இல்லை, வாடகை.

சூதாட்ட விடுதி என்றால் நடுவில் குவிகிற பணத்திலிருந்து விடுதி ஒரு கிள்ளு கிள்ளிக்கொள்ளும் என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். வேறு ஊர்களில் அப்படித்தான். இங்கே கலிஃபோர்னியா சட்டம் அதற்கு விடாது. ஜெயிக்கிற பணத்தில் கிளப்புக்குப் பங்கு கிடையாது. அதனால் கிளப் என்ன செய்கிறது? நாற்காலியை வாடகைக்கு விடுகிறது. அரை மணிக்கு ஒரு தடவை லூப்பே தட்டோடு வருவாள். எங்கள் மேஜையில் தலைக்கு இரண்டு டாலர் டோக்கன். ஜெயித்தவனும் அதே இரண்டு, தோற்றவனும் அதே இரண்டு. வாங்கிக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவாள். நடுவில் குவிந்தது முழுக்க எங்களுடையது. சீட்டைக் கலைத்துப் போடுவதும் நாங்கள்தான், முறை வைத்து. கிளப் சீட்டைத் தொடாது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாடகை நேரத்துக்கு. அரை மணியில் பதினைந்து ஆட்டம் ஆடினாலும் அதே இரண்டு டாலர், ஒன்பது ஆடினாலும் அதே. அதனால் மெதுவாகச் சீட்டுப் போடுகிறவன் மற்ற ஏழு பேருடைய வாடகையைத் தின்கிறான். பெப்பர் ட்ரீயில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது.

(இல்லை, ஒன்று இருக்கிறது. இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வேகமாகப் போக வேண்டியிருக்கும். மேஜை காலியாகத் தெரியக் கூடாது என்று கிளப்பே சம்பளம் கொடுத்துச் சில ஆட்களை உட்கார வைக்கும். எழு என்றால் எழுவார்கள், அந்த மேஜைக்குப் போ என்றால் போவார்கள். அவர்கள் யார் என்று எங்கேயும் எழுதி ஒட்டியிருக்காது. லூப்பேயின் தட்டைப் பார்த்தால் போதும். தட்டு யாரைத் தாண்டிப் போகிறதோ, அவன் கிளப் ஆள். அதுதான் அந்த வசவு.)

3

வெர்னாவை எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் திணறினேன்.

முதல் முயற்சி: "நோயுற்ற அந்த முதிய பெண்மணி நடுங்கும் கரங்களுடன்" — அடித்துவிட்டேன். அவள் படித்தால் என் கரங்கள் நடுங்கும்.

இரண்டாம் முயற்சி: "வெர்னா ஹால்வர்சன் யுத்த காலத்தில் லாங் பீச் தொழிற்சாலையில் குண்டுவீச்சு விமானங்களின் இறக்கைகளுக்கு ரிவெட் ஆணி அடித்தவர்." இது உண்மை. ஆனால் 'அவர்' என்று எழுதியதும் வெர்னா நாலு மேஜை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். 'அவள்' என்றதும் திரும்பி வந்தாள். மரியாதைக் குறைவு என்று யாராவது எனக்கு எழுதிப் போடுவதாக இருந்தால் போடுங்கள், அவளிடமே கொடுத்துவிடுகிறேன்.

உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான். அறுபத்து நான்கு வயது. சிவப்புச் சாயம் போட்ட தலைமுடி. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு வந்து வலது பக்கம் விழுந்தது. கால் பழையபடி வந்துவிட்டது. பேச்சு வந்துவிட்டது, சந்தேகம் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். கை மட்டும் பாதிதான் வந்தது. ரப்பர் பந்தை அமுக்கு என்றாராம் டாக்டர். "என்கிட்ட ஐம்பத்திரண்டு சீட்டு இருக்கு, பந்து எதுக்கு" என்றாளாம் இவள்.

எட்டு பேர் மேஜையில் இன்னும் இரண்டு பேரை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் நாற்காலி யுரிச். சான் பெட்ரோவில் சூரை மீன் படகு ஓட்டி ஓய்ந்தவர். கரையில் நின்று படகுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். ஐந்தாம் நாற்காலி குனிடோமி. தோட்ட வேலைக்காரர். விடிகாலையில் எட்டு வீட்டுப் புல்லை வெட்டிவிட்டு மதியம் வந்துவிடுவார். மூன்று வார்த்தையைத் தவிர அவர் பேசி நான் கேட்டதில்லை. இருக்கிறது, இல்லை, போதும். சீட்டாட்டத்துக்கு வேண்டியது அவ்வளவுதானே.

நான் ஒன்றாம் நாற்காலி. எல்லோரும் 'ரைட்டர்' என்பார்கள். கேலியாகத்தான்.

4

அந்த வியாழக்கிழமையே, சாப்பாடு முடிந்து மேஜைக்கு வந்தபின், சீட்டுப் போட வெர்னாவின் முறை வந்தது.

"நான் போட்டுத் தரேன்" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சீட்டுக்கட்டுக்குக் கை நீட்டினார்.

"எடு கையை" என்றாள் வெர்னா.

கலைத்தாள். எப்படி என்று கேட்காதீர்கள். கட்டை மேஜையில் பரப்பி, இடது கையால் குழைத்து, மறுபடி சேர்த்தாள். பிறகு கட்டு இடது கைக்கு, சீட்டு வலது கைக்கு. முதல் சீட்டு எட்டாம் நாற்காலிக்கு. இரண்டாவது எனக்கு. என்னுடையது பாதி மேஜையில் நின்றுவிட்டது. யுரிச்சுக்கு இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு போனது.

"செல்லாது" என்றார் யுரிச்.

"தெரியும்" என்றாள். எல்லாவற்றையும் வாரி மறுபடி முதலிலிருந்து.

இந்த இடத்தில் தொடர்கதைக்காரன் மூளை என்ன செய்யும் தெரியுமா? 'திடீரென்று விளக்கு அணைந்தது' என்று எழுதி 'தொடரும்' போடும். விளக்கு அணையவில்லை. மதியம் இரண்டு மணி வெயில். யுரிச் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சீட்டு மேஜை நடுவில் நின்றது. அவர் எடுக்கவில்லை. தன்னிடம் வந்து சேரும் என்று காத்திருந்தார். வெர்னா எழுந்து, மேஜைமேல் குனிந்து, சீட்டை அவர் முன்னால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா," என்றார் யுரிச், "இந்த நேரத்துக்கு நான் ஒரு படகு சூரையை இறக்கி ஐஸ் போட்டிருப்பேன்."

"அதான் உன்கிட்ட இன்னும் அந்த வாசனை வருது."

சிரித்தார்கள். யுரிச்சும் சிரித்தார். ஆனால் அடுத்த சுற்றிலும் அவள் முறை வந்து, அதே ஒட்டல், அதே வாரல், அதே கலைப்பு. இந்தத் தடவை யுரிச் சிரிக்கவில்லை. கையைத் தூக்கினார்.

"மேனேஜர்."

5

மேனேஜர் பெயர் ப்ரூயிட். நல்ல மனிதர். (வில்லனாக ஆக்கிப் பார்த்தேன். கழுத்தில் ஒரு தழும்புகூட வைத்தேன். ஒட்டவில்லை.)

கிளப்பில் ஒரு விதி இருக்கிறது. சீட்டுப் போடுவதில் தாமதம் என்று மேஜையில் வாடகை கட்டிய ஒருவர் புகார் சொன்னால் போதும், அந்த ஆளை வேறு மேஜைக்கு மாற்றிவிடுவார்கள். எந்த மேஜைக்கு என்று எல்லோருக்கும் தெரியும். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், பாதி வாடகைக்கு ஒரு மேஜை. அதைக் கஞ்சி மேஜை என்போம். அங்கே மட்டும் சீட்டைக் கிளப் பையன் ஒருவன் போட்டுக் கொடுப்பான். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் தூங்குவார்கள். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

"மிஸஸ் ஹால்வர்சன்," என்றார் ப்ரூயிட், குரலைத் தாழ்த்தி, "அங்க உங்களுக்கு வாடகையே வேண்டாம். எத்தனை வருஷ வாடிக்கை நீங்க. சும்மா உக்காருங்க."

"சும்மாவா?"

"கிளப்போட மரியாதைன்னு வெச்சுக்கங்க."

"இந்தாப்பா, இன்னிக்கு வாடகை வேணாம்பே. நாளைக்கு எங்க உக்காரணும்னு நீ சொல்லுவே. என்னிக்கு உக்காரணும்னும் நீ சொல்லுவே. எனக்கு அந்த மரியாதை வேணாம்."

அந்த நேரம் பார்த்து லூப்பே வந்தாள். அடுத்த அரை மணி. வெர்னா தன் குவியலிலிருந்து இரண்டு டாலர் டோக்கன் வைத்தாள். அதன் பக்கத்தில் இன்னொரு இரண்டு டாலர் வைத்தாள்.

"இது என்ன, மிஸ் வெர்னா?"

"நான் ரெண்டு பேர் நேரம் எடுக்கறேன்னு இவர் சொல்றார். சரிதான். ரெண்டு பேர் வாடகையை எடுத்துக்க."

லூப்பே தட்டைப் பார்த்தாள். ப்ரூயிட்டைப் பார்த்தாள்.

"ஒரு நாற்காலிக்கு ரெண்டு வாங்க முடியாதே, மிஸ் வெர்னா. நாங்க நேரத்தை விக்கறதில்ல. நாற்காலியைத்தான் வாடகைக்கு விடறோம். சட்டம்."

"அப்படியா. அது யார் நாற்காலி?"

எட்டாம் நாற்காலி. அதில் இருந்தவர் பல் டாக்டரிடம் போக வேண்டும் என்று அப்போதுதான் டோக்கனை வாரிக்கொண்டு கிளம்பியிருந்தார். இருக்கை இன்னும் சூடாகவே இருந்திருக்கும்.

"யார் நாற்காலியும் இல்ல" என்றாள் லூப்பே.

"என் நாற்காலி" என்றாள் வெர்னா.

ஒருவர் இரண்டு நாற்காலி எடுக்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. யாருக்கும் அப்படிச் செய்யத் தோன்றியதில்லை. ப்ரூயிட் தீர்ப்புச் சொன்னார். காசு வாங்கியாகிவிட்டது. அடுத்த தட்டு வரும்வரை நாற்காலி அவளுடையது. அதன்பிறகு காத்திருப்புப் பலகையில் முதலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு.

ஏழு பேர், ஒரு காலி நாற்காலி. வெர்னா தன் கைப்பையைத் தூக்கி அதில் வைத்தாள்.

(இங்கே கைப்பைக்குள்ளிருந்து ஒரு துப்பாக்கி — இல்லை. மூக்குக் கண்ணாடி, மாத்திரை, பாதி தின்ற கேக். அவ்வளவுதான் அதில் இருந்தது.)

6

யுரிச்சின் புகார் அப்படியேதான் இருந்தது. "எத்தனை நாற்காலி எடுத்தாலும் சீட்டு ஒரு கையாலதானே வருது" என்றார். நியாயமான பேச்சு. அவருடைய வாடகையும் வாடகைதானே. கதைக்காக அவரைக் கெட்டவராக்க நான் தயாரில்லை.

இப்போது ப்ரூயிட் ஒரு தப்பு செய்தார். நல்ல மனிதர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மேஜையில் சண்டை வேண்டாம், எல்லோரும் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தார். லூப்பே எங்களிடம் இன்னும் வாங்கி முடிக்கவில்லை. ஏழாம் நாற்காலியிலிருந்து தொடங்கியவள், எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

"லூப்பே, இவங்க எல்லாருக்கும் இந்த அரை மணி இலவசம். தாமதத்துக்கு ஈடா கிளப் தருது. இந்த மேஜையை விட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

லூப்பே தயங்கினாள். பிறகு போனாள். தட்டு என்னைத் தாண்டிப் போனது. யுரிச்சைத் தாண்டிப் போனது. குனிடோமியைத் தாண்டிப் போனது.

பக்கத்து மேஜையில் ஒருவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு அடுத்தவன் பார்த்தான். ஒரு மேஜை முழுக்கத் தட்டுத் தாண்டிப் போவதை அந்தக் கிளப்பில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"ஓஹோ," என்றான் ஒருவன், நன்றாகக் கேட்கும்படி, "மொத்த மேஜையும் கிளப் ஆளுங்களா? இத்தனை நாளா தெரியாமப் போச்சே. யுரிச், மாசச் சம்பளமா, வாரச் சம்பளமா?"

யுரிச்சின் கழுத்து சிவந்ததை நான் பார்த்தேன். இந்த மனிதர் முப்பது வருஷம் கடலில் நின்றவர். படகு முதலாளியிடம்கூட முன்பணம் வாங்காதவர். அதைப் பல தடவை சொல்லியும் இருக்கிறார், கேட்காதபோதும்.

"லூப்பே" என்றார்.

அவள் அடுத்த மேஜையில் இருந்தாள்.

"லூப்பே. திரும்பி வா."

"மேனேஜர் சொன்னாரே, மிஸ்டர் யுரிச்."

"மேனேஜர்கிட்ட நான் பிச்சை கேட்டேனா? ஏன்யா ப்ரூயிட், கேட்டேனா? என் நாற்காலிக்கு நான் கட்டறேன். அதுல உக்காந்து சும்மா இருப்பேன், கத்துவேன், அந்தம்மாவைத் திட்டுவேன். அது எனக்கும் அந்தம்மாவுக்கும். இடையில நீ யாரு, காசைத் தள்ளுபடி பண்ண?"

ப்ரூயிட், "நான் உதவியாத்தான்..." என்று தொடங்கினார்.

அவர் முடிப்பதற்குள் குனிடோமி எழுந்தார். லூப்பே நின்ற இடத்துக்கு நடந்து போனார். தட்டின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்தார். தன் டோக்கனை அதில் வைத்தார். பிறகு வாயைத் திறந்தார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"ஐந்தாம் நாற்காலி" என்றார். அவ்வளவுதான். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

லூப்பே எங்கள் மேஜைக்குத் திரும்பி வந்தாள். இந்தத் தடவை தட்டு ஒவ்வொருவர் முன்னாலும் நின்றது. நானும் வைத்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பணம் இழந்திருக்கிறேன், இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டு டாலர் கொடுத்தது இல்லை. பக்கத்து மேஜைக்காரனுக்குத் தெரியட்டும் என்று டோக்கனைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யுரிச் ப்ரூயிட் பக்கம் திரும்பினார். "என் புகாரை வாபஸ் வாங்கிட்டேன். போய் உன் வேலையைப் பாரு."

வெர்னா நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யுரிச் புகாரைத் திரும்பக் கொடுத்திருப்பார். அடுத்து அவள் முறை வந்தபோது யுரிச்சின் சீட்டு வழக்கம்போல் நடுமேஜையில் நின்றது. அவர் கை நீட்டி எடுத்துக்கொண்டார். மெதுவாகத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு நேரம்? ஒரு ராணியாவது போடக் கூடாதா?"

"காசுக்கேத்த சீட்டு" என்றாள் வெர்னா.

7

முடிவு.

முதலில் ஒன்று எழுதினேன். அந்த அரை மணிக்குள் வெர்னாவின் விரல்கள் மெல்ல மெல்லப் பழகி, கடைசி ஆட்டத்தில் சீட்டுகள் பறவைக் கூட்டம் போல் — வேண்டாம். அவளே தடுத்துவிட்டாள். ஆட்டத்துக்கு நடுவில் என் பக்கம் சாய்ந்து, "ரைட்டரே, இதை எழுதாம விடமாட்டே, தெரியும். எழுதறப்ப என் கையைச் சரிபண்ணிடாதே" என்றாள்.

"ஏன்?"

"சரியான கையால யார் வேணா சீட்டுப் போடுவாங்க."

இரண்டாவது முடிவு: அவளே நாலு ராஜாவோடு எல்லோரையும் துடைத்துக்கொண்டு போகிறாள். ஆசிரியருக்குப் பிடிக்கும். ஆனால் அந்த அரை மணியில் அவள் ஜெயித்தது ஒரே ஆட்டம், அதுவும் இரண்டே இரண்டு ஒன்பதை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் சீட்டை வைத்துவிட்டு ஆட்டத்திலிருந்து விலகியதால். ஜெயிப்பதற்காக இரண்டு நாற்காலி எடுத்தவள் இல்லை அவள். எழுந்து போ என்று யாரும் சொல்லாமல் உட்கார எடுத்தவள்.

மூன்றாவது முடிவில் பிணத்தைத் திரும்பக் கொண்டுவந்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு லூப்பே வந்துவிட்டாள்.

ஆமாம், அரை மணி ஆகிவிட்டது. லூப்பே தட்டோடு நிற்கிறாள். ஏழு டோக்கன் விழுகிறது. வெர்னா எட்டாவதை எடுக்கிறாள். ப்ரூயிட் முடியாது என்று தலையை ஆட்டுகிறார். சொன்ன பேச்சுப் பேச்சுதான். பலகையில் ஆள் காத்திருக்கிறது. வெர்னா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டோக்கனை லூப்பேயின் தட்டில் வைத்தே விடுகிறாள்.

"வர்றவங்களுக்கு என் கணக்குல முதல் அரை மணி. அவங்க வாடகை கட்டினவங்களாத்தான் உக்காரணும். இலவசமா இல்ல."

கைப்பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறாள்.

ஒலிபெருக்கியில் ஒரு பெயரின் முதல் எழுத்துகளைக் கூப்பிடுகிறார்கள். இங்கே முழுப் பெயர் கேட்பதில்லை. அவை உங்கள் பெயரின் எழுத்துகள்.

மேஜையில் மற்ற ஆறு பேருக்கும் வெர்னாமேல் புகார் இல்லை. நீங்கள் எட்டாவது. வாடகை கட்டப்பட்ட நாற்காலியில் உட்காருகிறீர்கள், அதனால் யுரிச்சுக்கு இருந்த அதே உரிமை உங்களுக்கும் உண்டு. உங்கள் ஒரு வார்த்தை போதும், அவள் கஞ்சி மேஜைக்குப் போவாள். கட்டியது அவளாயிற்றே என்று சங்கடப்படாதீர்கள். அவளே அதை விரும்பமாட்டாள். யாரும் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிடோமி தன் சீட்டைக்கூடப் பார்க்கவில்லை. ப்ரூயிட் மட்டும் தூணுக்குப் பக்கத்தில் நின்று உங்களைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

வெர்னாவின் முறை. பரப்புகிறாள், குழைக்கிறாள், சேர்க்கிறாள். நேரம் ஆகிறது. நீங்கள் நினைத்ததைவிட அதிகமாகவே ஆகிறது. அவளுக்கு இடது பக்கம் நீங்கள், அதனால் முதல் சீட்டு உங்களுக்கு.

வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது. ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது.

உங்கள் கை மேஜையிலிருந்து எழும்புகிறது. சீட்டை எடுக்கவா, மேனேஜரைக் கூப்பிடவா, ப்ரூயிட்டுக்கு இன்னும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.